ஜவ்வு இறுகும் வரை

முழங்காலில் தேய்ந்துபோன ஜவ்வை மறுபடியும் வளர வைக்கலாம் என்று டாக்டர் சலோமி சொன்னபோது, துளசிமணி கேட்ட முதல் கேள்வி, "ஓட முடியுங்களா?" என்பதுதான்.

டாக்டர் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிச் சிரித்தார். "அறுபத்து மூணு வயசுல எங்கம்மா ஓடப் போறீங்க?"

"எனக்காக இல்லீங்க. என்ற வீட்டுக்காரர் பின்னால ஓடணும்."

டாக்டரின் சிரிப்பு நின்றுபோனது.

துளசிமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன், கோயமுத்தூர் நீலிக்கோணாம்பாளையத்துத் தெருக்களுக்கு முப்பத்து நான்கு வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவர். தோளில் நீள இரும்புக் கம்பியோடு வீதி வீதியாகப் போவார். ரோட்டோரத்து மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் வால்வைத் திருகுவார். எந்த வீதிக்கு எத்தனை திருகு, எந்த மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஓய்வு பெற்ற வருஷமே வால்வுகள் எல்லாம் தாமே திறந்து தாமே மூடிக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு சில வருஷங்களில் மறதி வந்தது. வீட்டுச் சாவியை வைத்த இடம் மறந்தது, கிழமை மறந்தது, பெற்ற மகளின் பெயர் மறந்தது. தண்ணீர் விட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை உதறிவிட்டு, "கெழக்கு வீதிக்கு இன்னும் தண்ணி விடலை, பொம்பளைங்க கொடத்தோட நிப்பாங்க" என்று எழுந்துவிடுவார். கம்பியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டதால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

துளசிமணி பின்னாலேயே போவாள். முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள் அவள். ஓடுகிற மிஷின்களுக்கு நடுவில் எட்டு மணி நேரமும் நடந்தபடியே அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த கால்கள். இடது முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, மறுபடி வலது காலை ஊன்றித்தான் அவளால் நடக்க முடியும். அவர் முன்னால் வேகமாகப் போக, அவளுடைய செருப்பு 'டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர்...' என்று பின்னால் வரும்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவர் ரயில் பாதைப் பக்கம் திரும்பினார். அவளுக்கும் அவருக்கும் இடையில் இருநூறு அடி தூரம் இருக்கும். ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவர் தண்டவாளத்தின் நடுவில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். துளசிமணி கத்தினாள். ஓடப் பார்த்தாள், இடது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கோழிக்கடைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ பாய்ந்துபோய் அவரை இழுத்துப் போட்டார். அதையெல்லாம் தரையில் உட்கார்ந்தபடியே அவள் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"சொல்றதை நல்லாக் கேட்டுக்கோங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க மூக்குக்குள்ள இருக்கிற ஜவ்வுல இருந்து கடுகளவு எடுப்போம். அதை இங்கேயே மூணு வாரம் வளர்ப்போம். பிறகு ஊசி வழியா முட்டிக்குள்ள விடுவோம். அது உள்ளே போய்ப் படிஞ்சு வளரும். அறுபது நாள் கால் தரையில படக் கூடாது. ஒரு அடி கூட."

"அறுபது நாளுங்களா?"

"ஆமா. அதுக்கப்புறம்தான் முக்கியம். புது ஜவ்வு வளர்ந்துட்டாலும் ஆறு மாசத்துக்குப் பச்சையாத்தான் இருக்கும். நீங்க எப்படி நடக்கறீங்களோ அந்த வடிவத்துல இறுகும். நேரா நடந்தா நேரா இறுகும். அதனால கணுக்கால்ல ஒரு பட்டை கட்டுவோம். நீங்க வைக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கு இங்கே தெரியும்."

"கோணலா இறுகிருச்சுன்னா மறுக்கா ஒரு ஊசி போட்டுக்கலாமுங்களா?"

"முடியாதும்மா. ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை உடம்பு அதை ஏத்துக்காது."

துளசிமணி இடது முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஓட முடியுமான்னு கேட்டனுங்க" என்றாள்.

"ஓடலாம்மா" என்றார் டாக்டர்.

அறுபது நாளைக்கு அவரை யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. மகள் மதுமிதா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். ஒரு வாரம் லீவு போடலாம், இரண்டு மாதம் போட முடியாது. வடவள்ளிப் பக்கம் மறதிக்காரர்களுக்கென்றே ஒரு இல்லம் இருந்தது. மதுமிதாதான் போய்ப் பார்த்து வந்தாள். நல்ல இடம், நல்ல மனிதர்கள், தோட்டம் இருக்கிறது என்றாள். துளசிமணி ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே அவரை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். "எங்க இருக்கற? மில்லுல இருந்து இன்னும் வரலையா?" என்று கேட்டார். இரண்டாவது வாரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற இல்லத்துப் பையனிடம் கொடுத்தார். மாதம் முடிகிற சமயத்தில் அவள் பேசப் பேசத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரிங்க, வெச்சர்றனுங்க" என்றார்.

அந்த 'ங்க' துளசிமணிக்கு உறைத்தது. போன் சரியில்லாததால் ஆள் தெரிந்திருக்காது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். நேரில் பார்த்தால் சரியாகிவிடும். கட்டிலில் மல்லாந்து படுத்து, இடது முழங்காலுக்குள் ஏதோ ஊறுவது போன்ற குறுகுறுப்பை உணர்ந்தபடியே நாட்களை எண்ணினாள்.

ஆடி மாதம் முதல் அடி எடுத்து வைத்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வலிக்கவில்லை. பத்து நாளில் கம்பியை விட்டாள். இருபதாம் நாள் மாடிப்படி ஏறி இறங்கினாள். இறங்கும்போது வலி வரும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே இறங்கினாள், கடைசிப் படி வரை வரவில்லை. கீழே வந்ததும் அழுதுவிட்டாள். மில்லுக்குப் போக ஆரம்பித்த இருபது வயதில் இப்படி நடந்திருப்பாளோ என்னவோ.

மறுநாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

கார் வாசலில் நின்றது. துளசிமணி கேட்டைத் திறந்துகொண்டு, இரண்டு காலும் ஒரே அளவாக விழ, நேராக நடந்து போனாள். சென்னியப்பன் இறங்கி வீட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வணக்கமுங்க. வீட்டுல யாருமில்லீங்களா?"

"நாந்தானுங்க. துளசி."

அவர் மரியாதையாகச் சிரித்தார். "என்ற வீட்டுக்காரி பேரும் துளசிதானுங்க."

நாற்பது வருஷமாக வா, போ, நீ என்று கூப்பிட்ட வாய். கோபம் வந்தால் இன்னும் கீழே இறங்கும். அதற்கெல்லாம் அவள் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை. இந்த 'ங்க' வந்து நெஞ்சில் இடித்தது. மதுமிதா காரிலிருந்து பையை இறக்குவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்த மறுநாளே அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துளசிமணி கூடவே போனாள். இப்போது பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே நடந்தாள். அவர் திரும்பினால் இவளும் திரும்பினாள். ரயில் பாதைப் பக்கம் கால் வைத்தபோது இரண்டே எட்டில் முன்னால் போய் நின்று, "இந்தப் பக்கம் நேத்தே விட்டுட்டமுங்க" என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். ரோட்டோரத்து மூடியை அவள் உட்கார்ந்து தூக்கிப் பிடிப்பாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளால் குத்த வைத்து உட்கார முடிந்தது. அவர் குடையின் முனையை உள்ளே விட்டு, எண்ணிக்கொண்டே எட்டு முறை திருகுவார்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. நல்லா வருது."

"இந்த வேலைக்கு உங்களாட்ட ஆளுதானுங்க வேணும்" என்பார் அவர்.

வெளியே இருக்கும்வரை இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் வந்து விளக்குப் போடும் நேரம்தான் கஷ்டம். அவர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். துளசிமணி கையில் தோசைத் தட்டோடு எதிரில் நிற்பாள். அவளிடமே கேட்பார்: "ஏனுங்கம்மா, என்ற வீட்டுக்காரியப் பாத்தீங்களா? இந்நேரத்துக்கு வந்திருக்கோணும்." அவள் பழைய போட்டோவைக் காட்டினாள். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லாருக்குதுங்க" என்றார். வேற்றுப் பெண்ணை உற்றுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

ஆவணியில் ஒரு நாள் குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளி கைநழுவி இடது கால் பெருவிரலில் விழுந்தது. விரல் வீங்கிவிட்டது. சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு காப்பி டம்ளரோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். திரும்பாமலேயே சொன்னார்:

"ஏன் துளசி, இன்னிக்கு இத்தனை நேரம்?"

துளசிமணி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"மில்லுல ஆளில்லீங்க. அதான் லேட்டு" என்றாள்.

"உக்காரு. காலை நீட்டு."

அலமாரியில் தைல பாட்டில் இருக்கும் இடம் அவர் கைக்கு ஞாபகம் இருந்தது. தரையில் உட்கார்ந்து அவளுடைய இடது முழங்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வேலை விட்டு வந்த நாட்களில் செய்தது போலவே கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். அந்த முழங்காலில் வலி என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க" என்றாள் துளசிமணி.

விரல் வீக்கம் மூன்று நாளில் வற்றியது. மூன்று நாளும் அவர் அவளை 'நீ' என்றார், 'வா' என்றார், ரசத்தில் உப்பில்லை என்று திட்டினார். நான்காம் நாள் காலையில் அவள் நேராக நடந்து வந்து காப்பியை நீட்டினாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உங்களுக்குச் செரமமுங்க" என்றார்.

துளசிமணி அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். சிங்க்கில் கிடந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, வலது காலை ஊன்றி, இடது காலை வெளிப்பக்கமாக வளைத்து இழுத்தபடி வெளியே வந்தாள்.

"வா துளசி" என்றார் அவர். "இங்க ஒரு அம்மா இருந்தாங்க. காப்பி குடுத்துட்டுப் போய்ட்டாங்க. யாரு அது?"

"தெரியலீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்."

அப்படித்தான் அவள் இரண்டு பேரானாள். வீதியில் அவரோடு வேகமாக நடந்து மூடி தூக்குகிற அம்மா ஒருத்தி. கேட்டுக்குள் வந்ததும் காலை இழுக்கிற வீட்டுக்காரி இன்னொருத்தி. அவர் அந்த இருவரையும் தனித்தனியாக வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு மரியாதை, இவளுக்குத் திட்டும் தைலமும்.

புரட்டாசியில் மதுமிதா வந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பதறிப்போனாள். விஷயம் தெரிந்ததும் பதற்றம் கோபமாக மாறியது.

"உனக்கென்ன பைத்தியமாம்மா? சத்தம்தானே அவருக்கு வேணும்? அதை நான் பண்ணித் தர்றேன்."

அன்று மத்தியானமே அம்மாவை நொண்டி நடக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். தீப்பெட்டி அளவு ஒரு ஸ்பீக்கரை அடுப்படி நிலையில் ஒட்டினாள். துளசிமணி வாசலுக்கு வரும்போது அது தானாகவே ஒலிக்கும்.

சாயங்காலம் ஸ்பீக்கர் ஒலித்தது. டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர்... அவர் முகம் மலர்ந்து திரும்பினார். அடுப்படி வாசலில் ஒரு அம்மா நேராக நடந்து வந்துகொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் பார்த்தார், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தார். "துளசி, வெளையாடாத. எங்க இருக்கற?" என்று கூப்பிட்டார். சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. அடுப்பு மேடையில் தலையைக் கவிழ்த்து அவர் அழ ஆரம்பித்தபோது மதுமிதாவே ஓடிப்போய் ஸ்பீக்கரைப் பிடுங்கினாள்.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து தாயும் மகளும் பேசினார்கள்.

"அப்பாவுக்கு இந்த ஞாபகம் இன்னும் எத்தனை மாசத்துக்கும்மா? உனக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு. அந்த இருபது வருஷமும் நீ நடக்க வேண்டாமா?"

"நடக்கோணும்தான் கண்ணு."

"அப்புறம்?"

"அவரு என்னைக் கூப்பிடறது இன்னும் எத்தனை நாளைக்குன்னு எனக்கும் தெரியாது. இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு தோணுது. அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெரியல."

அடுத்த வாரம் டாக்டர் சலோமி கூப்பிட்டு அனுப்பினார். திரையில் துளசிமணியின் இரண்டு மாதத்து அடிகளும் இருந்தன.

"இங்கே பாருங்க. காலையில ஒன்பது மணியில இருந்து பதினொன்றரை வரைக்கும் அழகா நடக்கறீங்க. இருபது வயசுப் பொண்ணு மாதிரி. அதுக்கப்புறம் நாள் பூரா இடது காலைக் கோணலா இழுக்கறீங்க. முட்டியில எந்தக் கோளாறும் இல்லை. என்னம்மா நடக்குது வீட்டுல?"

துளசிமணி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் கேட்டு முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னும் நாலு மாசம்தாம்மா. நாலு மாசம் நேரா நடங்க. இறுகின பிறகு எப்படி வேணா நடங்க, நானே ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்ப இழுத்தீங்கன்னா வளைஞ்சே இறுகிடும். பழைய கால்தான் மறுபடியும் வரும், வலியோட சேர்த்து."

"நாலு மாசம் கழிச்சு அவருக்கு இந்தச் சத்தம் ஞாபகம் இருக்குமுங்களா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"இருக்கும்னு சொல்லுங்க, நேரா நடக்கறேன்."

"என்னால அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

துளசிமணி எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். வராண்டாவில் நேராகத்தான் நடந்தாள்.

குறைத்துக்கொள்ள அவள் முயற்சி செய்யாமல் இல்லை. அவர் தூங்கும்போது வீட்டுக்குள் நேராக நடந்து பார்த்தாள். வீதி நடையை நீட்டித்தாள். பள்ளிக்கூட வீதியை இரண்டு முறை சுற்றினாள். ஒருவேளை அப்படியே போயிருந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகியிருக்கும். ஐப்பசி மழை அதைக் கெடுத்தது. குடையை விரிக்காமல் குழிக்குள் விட்டுத் திருகியபடியே நனைந்ததில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, கார்த்திகை, மார்கழி முழுக்கப் படுக்கையில் கிடந்தார். வீதிக்குப் போகவில்லை. வீதியில் நடக்கிற அம்மாவுக்கு வேலையும் இல்லை.

படுக்கையில் அவருக்கு வேண்டியிருந்தது வீட்டுக்காரிதான். கண்ணை மூடிக்கொண்டே சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டுவார். தூக்கம் தெளிந்தால், "துளசி, நட" என்பார். அவள் கட்டிலைச் சுற்றி இழுத்து இழுத்து நடப்பாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து பரவும். அந்த இரண்டு மாதத்தில் அவள் நேராக வைத்த அடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்கழி நடுவில் கணுக்கால் பட்டையைக் கழற்றி ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். இடது முழங்காலில் வலி திரும்பியிருந்தது. புது வலி இல்லை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய வலி.

தை பிறந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். உடம்பு தேறியிருந்தது. பொங்கல் கழிந்து நான்காம் நாள் காலையில் தானே சட்டையை மாட்டிக்கொண்டு குடையைத் தேடி எடுத்தார். துளசிமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பியோடு வேகமாக வந்தாள். டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர்...

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"வணக்கமுங்க" என்றார். "நீங்க யாருங்க?"

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். இரண்டு எட்டு பின்னால் போய், அவர் கேட்கட்டும் என்று இன்னும் அழுத்தமாக இழுத்து நடந்து வந்தாள். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒருத்தங்களைத் தேடறனுங்க" என்றார். "என்ற கூட வீதிக்கு வருவாங்க. ஒரு அம்மா. நல்லா நேரா, வெரசா நடப்பாங்க. மூடியெல்லாம் அவங்கதான் புடிப்பாங்க. ரொம்ப நாளா வரலீங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க" என்றாள் துளசிமணி. "இருங்க, கூப்பிடறேன்."

அடுப்படிக்குள் போனாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். வலது காலை வைத்தாள். இடது காலை நேராக வைத்தாள், வலி தொடை வரைக்கும் ஏறியது. இன்னொரு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் முழங்கால் தானாகவே வெளிப்பக்கம் வளைந்துகொண்டது. அதை உள்ளே இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் தேய்த்தபடிதான் வாசலுக்கு வந்தாள்.

அவர் அன்பாகத் தலையசைத்தார். "இல்லீங்க. அவங்க வேற."

"அவங்க வர்ற வரைக்கும் நான் கூட வரட்டுங்களா?"

அவர் யோசித்தார். "உங்களுக்குக் கால் முடியலையாட்ட இருக்குதுங்களே."

"மெல்ல வர்றனுங்க."

"சரிங்க. மெல்லவே போலாம்."

இருவரும் கிளம்பினார்கள். அவர் உண்மையிலேயே மெல்ல நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பிப் பார்த்து, அவள் வந்து சேர்ந்த பிறகு அடுத்த எட்டு வைத்தார். கல்யாணமான புதிதில் மருதமலைப் படியில்கூட அவர் இப்படி நின்றதில்லை. பால் பூத்தில் நின்ற பெண், "என்னுங்கண்ணா, நடமாட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். "தண்ணி விடணுமுங்க, ரொம்ப நாளாச்சு" என்று அவர் பதில் சொன்னார்.

கிழக்கு வீதி முனையில் மூடி இருந்தது. துளசிமணி குனியப் பார்த்தாள். குத்த வைக்கக் கால் மடங்கவில்லை. "நீங்க இருங்க" என்று சொல்லி அவரே மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் குடையை உள்ளே விட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணித் திருகினார். ஐந்தாவது திருகில் நிறுத்தினார்.

"என்ற வீட்டுக்காரிக்கும் இதே எடது காலுதானுங்க" என்றார்.

"அப்படீங்களா?"

"மில்லுல நின்னு நின்னு அப்படி ஆயிருச்சு. நான் போற எடத்துக்கெல்லாம் இழுத்துட்டே பின்னால வருவா. பாவமா இருக்கும். சொன்னாக் கேக்க மாட்டா."

துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. "இப்ப எங்க இருக்காங்க அவங்க?" என்று கேட்டாள்.

அவர் குடையின் பிடியைத் துடைத்தார்.

"ஊசி போடப் போனா. இன்னும் வரலீங்க."

அவள் ரோட்டோரத்து மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"வந்துருவா" என்றார் அவர். "காலு நல்லாயிருச்சுன்னா வெரசா நடந்து வந்துருவா. அடையாளம் தெரியாமப் போயிறப் போவுதுன்னுதான் எல்லாரையும் உத்து உத்துப் பாக்கறனுங்க."

மிச்சம் மூன்று திருகையும் திருகி முடித்தார். தண்ணீர் வருகிறதா என்று அவளைப் பார்த்தார்.

"வந்துருச்சுங்க" என்றாள் துளசிமணி. "நல்லா வருது."

அவர் மூடியைப் போட்டுக் காலால் அழுத்திவிட்டு, அடுத்த வீதியைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு போனதும் குடையை ஊன்றிக்கொண்டு, அவள் இடது காலை இழுத்து வந்து சேரும் வரை நின்றார்.